பெயரும் பெயரின்மையும்: தெலங்கானா வட்டார ஓவிய, ஒளிப்படக் காட்சிகள் குறித்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

வட்டாரம் என்னும் சொல் தமிழ்த் திறனாய்வில் பெரும்பாலும் புதினத்தையும் சிறுகதையையும் சார்ந்தே வழங்கி வந்துள்ளது. கரிசல், கொங்கு, நாஞ்சில் என நிலத்தை முன்னிறுத்திப் படைப்புகளை வகைப்படுத்தும் முறை நமக்குப் பழகிய ஒன்று. ஆயின், ஒரு வட்டாரத்தின் மனிதர்களை வண்ணத்தாலும் ஒளியாலும் பதிவு செய்யும் கலைகளை இந்நோக்கில் அணுகும் முயற்சி நம்மிடையே குறைவாகவே உள்ளது. தெலங்கானா நிலத்தைப் பொருளாகக் கொண்ட ஓவியங்களும் ஒளிப்படங்களும் ஐதராபாத் காட்சிக்கூடங்களில் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும் முறையைத் தமிழ் அக, புற மரபின் துணைகொண்டு மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தெலுங்கு நிலத்துக் கலைக்குத் தமிழ் இலக்கணம் பொருந்துமா என்னும் வினா எழுதல் இயல்பு. தக்காணத்துச் சாதவாகன மன்னன் ஹாலன் தொகுத்ததாகக் கூறப்படும் காதா சப்தசதியையும் சங்க அகப்பாடல்களையும் ஒப்பிட்டு ஜார்ஜ் ஹார்ட் முதலிய அறிஞர்கள் ஆராய்ந்துள்ளனர். ஊர்ப்புறத்து மாந்தரைப் பெயர் சுட்டாது பாடும் போக்கு அவ்விரண்டிற்கும் பொதுவாகும். எனவே, பெயர் சுட்டுதல், சுட்டாமை என்னும் சிக்கலை இவ்விரு நிலங்களுக்கும் பொதுவான ஒன்றாகக் கொண்டு ஆராய்வதில் தவறில்லை.

பெயரட்டை என்னும் சிக்கல்

ஐதராபாத் மாதாப்பூரில் காவூரி ஹில்ஸ் பகுதியில் மாநிலக் கலைக்கூடம் அமைந்துள்ளது. அங்கும் நகரின் தனியார் கூடங்களிலும் கரீம்நகர், வரங்கல், மேதக், நல்கொண்டா முதலிய பகுதிகளைச் சேர்ந்த கலைஞர்களின் படைப்புகள் இடம்பெற்று வருகின்றன. 2015ஆம் ஆண்டு தொடங்கிய இந்திய ஒளிப்படத் திருவிழாவுக்கும் அக்கூடம் களமாக அமைந்தது. ஓவியமும் ஒளிப்படமும் ஒரே வகைச் சுவரில், ஒரே வகை விளக்கின் கீழ், ஒரே வகைப் பெயரட்டையோடு தொங்குவதை இத்தகைய கூடங்களில் காணலாம்.

அப்பெயரட்டை தரும் செய்திகள் மூன்று அல்லது நான்கு. கலைஞரின் பெயர், படைப்பின் தலைப்பு, பயன்படுத்திய பொருள், ஆண்டு என்பன அவை. தலைப்பு என்னும் இடத்தில் ‘கிராமத்துப் பெண்’, ‘உழைப்பு’, ‘முதுமை’, ‘காத்திருப்பு’ போன்ற சொற்கள் நிற்கும். சிலவற்றில் ‘தலைப்பில்லை’ என்றே இருக்கும். ஓவியத்தின் கீழ் இத்தகைய சொல்லைக் காணும்போது நமக்கு எவ்வித நெருடலும் தோன்றுவதில்லை. ஒளிப்படத்தின் கீழ் அதே சொல்லைக் காணும்போது ஒரு குறை தோன்றுகின்றது. படத்தில் இருப்பவர் ‘முதுமை’ அல்லர். அவர் ஓர் ஊரில் பிறந்து, ஒரு பெயரால் அழைக்கப்பட்டு, ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு கருவியின் முன் நின்றவர். இவ்விரு படைப்புகளுக்கும் ஒரே அட்டை போதும் என்று கருதியது எவ்வாறு என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

அகம்: பெயரின்மையின் அறம்

அன்பின் ஐந்திணையில் தலைமக்களின் பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய அகத்திணையியல் வகுத்த நெறி. பெயர் நீக்கப்படுவதால் அம்மாந்தர் மறைந்துவிடுவதில்லை, யாவர்க்கும் உரியவராகின்றனர். இந்நெறியின் மற்றொரு பகுதி போதிய அளவு வலியுறுத்தப்படுவதில்லை. அகப்பாடலில் பெயரற்றவளுக்குக் கூற்று உண்டு. தலைவி பேசுகிறாள், தோழி பேசுகிறாள், செவிலியும் பேசுகிறாள். பெயரை இழந்ததற்கு ஈடாகக் குரலைப் பெறுகின்றனர். பெயரும் இன்றிக் குரலும் இன்றி நிற்கும் மாந்தர் அகத்திற்கு உரியவர் அல்லர். அவர்கள் வெறும் கருப்பொருளாகச் சுருங்கிவிடுவர்.

இந்த அளவுகோலைக் கொண்டு தோட்டா வைகுண்டத்தின் ஓவியங்களை நோக்கலாம். 1942இல் கரீம்நகர் மாவட்டத்துப் பூருகுபள்ளியில் பிறந்த இவர் ஐதராபாத்திலும் பின்னர்ப் பரோடாவிலும் பயின்றவர். பரோடாவில் இவருக்கு ஆசிரியராக அமைந்தவர் கே.ஜி. சுப்பிரமணியன், கேரளத்துக் கூத்துப்பறம்பில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். நாட்டார் கலையை நவீன ஓவியத்தின் உயிர்ப்பாகக் கருதிய அவ்வாசிரியரின் செல்வாக்கு, வைகுண்டத்தைத் தம் ஊரை நோக்கித் திருப்பியது எனலாம். கருமை தோய்ந்த மேனி, நெற்றி நிறைந்த குங்குமப் பொட்டு, அடர்ந்த சிவப்பும் மஞ்சளும் கொண்ட சேலை, தோளிலோ கையிலோ ஒரு கிளி என அமையும் அவருடைய பெண்ணுருவங்கள் இன்று தெலங்கானாவின் அடையாளமாகவே கருதப்படுகின்றன. தம் தாயையும், இளமையில் ஊரில் கண்ட நாடகக் குழுக்களில் பெண்வேடமிட்டு நடித்த ஆண்களையும் இவ்வுருவங்களின் ஊற்றாக அவரே குறிப்பிட்டுள்ளார். இவற்றை எந்தத் தனிப்பெண்ணின் உருவமாகவும் கொள்ள இயலாது என்பதற்கு இது சான்றாகும்.

இப்பெண்களுக்குக் கூற்று உண்டா? வைகுண்டத்தின் சிறந்த படங்களில் உண்டு என்பதே விடை. அவற்றில் பெண்கள் இருவராகவோ மூவராகவோ நெருங்கி நின்று பக்கவாட்டில் முகம் திருப்பித் தமக்குள் உரையாடுகின்றனர். பார்வையாளரை அவர்கள் பொருட்படுத்துவதில்லை. தலைவியும் தோழியும் பேச நாம் மறைந்து நின்று கேட்பது போன்ற அகச்சூழல் அங்கு அமைந்துவிடுகின்றது. தனியொருத்தி நம்மை நோக்கி அணிகலன்களோடு அமர்ந்திருக்கும் படங்களில் இவ்வாற்றல் குறைகின்றது. அங்குக் கிளியும் பொட்டும் சேலையும் எஞ்சி, உரிப்பொருள் நீங்கிவிடுகின்றது. சந்தை மிகுதியும் விரும்புவது இவ்வகைப் படங்களை என்பதால் இவ்வேறுபாட்டைத் திறனாய்வு சுட்டியாக வேண்டும்.

பி. நரசிங்கராவ் இயக்கிய ‘தாசி’ (1988) திரைப்படத்தின் கலை இயக்கத்திற்காக வைகுண்டம் தேசிய விருது பெற்றார். நிலக்கிழாரின் மாளிகையில் அடிமைப்பட்ட பெண்ணின் வாழ்வைக் கூறும் அப்படத்தில் நடித்தவர், பாலுமகேந்திராவின் ‘வீடு’ படத்தின் வழித் தமிழர் நன்கறிந்த அர்ச்சனா. ஓவியத்தில் பெயரின்றி நிறைந்து நிற்கும் தெலங்கானாப் பெண், திரைப்படத்தில் வரலாற்றின் சுமையோடு வருகிறாள். ஒரே கலைஞரின் கைவண்ணம் இரு துறைகளில் இருவேறு கடமைகளை ஏற்றமையை இது காட்டுகின்றது.

புறம்: பெயரின் கடமை

புறம் பெயரை ஏற்கும். யார், எங்கு, எப்போது என்னும் வினாக்களுக்கு விடை தருவது அதன் இயல்பு. அகத்திற்கும் புறத்திற்கும் இடைப்பட்ட எல்லை எத்துணை மெல்லியது என்பதற்கு நெடுநல்வாடை குறித்த உரைமரபு நல்ல சான்று. பிரிவாற்றாத தலைவியைப் பாடும் அந்நூல் பெரும்பகுதியும் அகமாகவே செல்கின்றது. பாசறையில் உள்ள வேலில் வேப்பந்தார் கட்டப்பட்டிருந்தது என்னும் ஒரு குறிப்பு, தலைவன் பாண்டியன் என அடையாளம் காட்டிவிடுவதால் அது புறமாயிற்று என்பது நச்சினார்க்கினியர் கொள்கை. ஓர் அடையாளப் பூ ஒரு நூலின் திணையையே மாற்றிவிடுகின்றது.

ஒளிப்படம் அந்த வேப்பந்தாரை ஒவ்வொரு முறையும் உடன்கொண்டே பிறக்கின்றது. ஓவியன் தான் கண்ட பல முகங்களைக் கலந்து ஒரு முகம் ஆக்கலாம். ஒளிப்படத்தில் விழுவது, கருவியின் முன் இருந்த அந்த ஒருவரின் மேல் பட்ட ஒளி. அம்முகத்தை அவருடைய ஊரார் அடையாளம் காண்பர். மக்கள் அடையாளம் காண்பர். ஆகவே, ஒளிப்படத்தில் உள்ள மனிதரைப் பெயரின்றி ‘கிராமத்துப் பெண்’ எனக் காட்சிப்படுத்துவது புறத்தை அகமாக மாற்றும் முயற்சி. அது நிறைவேறுவதும் இல்லை. பெயரைப் பறித்தபின் ஈடாகத் தரவேண்டிய குரலையும் தருவதில்லை.

இக்குறைபாட்டிற்கு நீண்ட வரலாறு உண்டு. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த ‘இந்திய மக்கள்’ என்னும் ஆங்கிலேய அரசின் ஒளிப்படத் தொகுப்பில், படத்தில் உள்ளோர் பெரும்பாலும் தம் குலப்பெயரின் மாதிரிகளாகவே நிறுத்தப்பட்டனர். 1876–78இல் சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது, படை அலுவலரான வில்லோபி வாலஸ் ஹூப்பர், எலும்பும் தோலுமாய் இருந்த மக்களை வரிசையாக அமர்த்திப் படமெடுத்தார். அப்படங்கள் இன்றும் நூல்களில் இடம்பெறுகின்றன. எடுத்தவரின் பெயர் நிலைத்தது. பசியால் வாடியவர்களுள் ஒருவர் பெயரும் அப்படங்களோடு நமக்கு வந்து சேரவில்லை.

ஐதராபாத்தின் ஒளிப்பட வரலாறும் இதற்கு விலக்கன்று. 1844இல் மீரட்டை அடுத்த சர்தானாவில் பிறந்து, ஆறாம் நிஜாம் மஹபூப் அலிகானின் அரசவை ஒளிப்படக் கலைஞராக உயர்ந்த ராஜா தீன் தயாள் (மறைவு 1905), செகந்திராபாத்தில் நிலையம் அமைத்து இயங்கினார். அவர் எடுத்த அரசவைப் படங்களில் நிஜாமும் அமைச்சரும் விருந்தினரும் பெயரோடு அறியப்படுகின்றனர். மாளிகைகளுக்கும் பெயர் உண்டு. 1899–1900ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது நிவாரணப் பணியிடங்களில் அவர் எடுத்த படங்களில் உள்ள உழைப்பாளர் பெயரற்ற கூட்டமாகவே நிற்கின்றனர். கட்டடத்திற்குக் கிடைத்த பெயர் மனிதருக்குக் கிடைக்கவில்லை. அதே கலைஞர் 1892இல் திரைமறைவில் வாழ்ந்த உயர்குடிப் பெண்களுக்கென்றே, பெண்ணொருவரின் பொறுப்பில் தனி நிலையம் ஏற்படுத்தினார் என்பதும் ஈண்டு எண்ணத்தக்கது. யார் தன்னைக் காணலாம் என்று முடிவு செய்யும் உரிமை உயர்குடிப் பெண்ணுக்கு, அல்லது அவளுடைய குடும்பத்திற்கு இருந்தது. நிவாரணப் பணியிடத்தில் மண் சுமந்த பெண்ணுக்கு அது இல்லை.

இவ்வரலாற்றின் பின்னணியில் நோக்கும்போதுதான், வரங்கல் பகுதியிலிருந்து வந்து தெலங்கானா ஊர்களின் வாழ்வையும் பதுக்கம்மா முதலிய விழாக்களையும் பல்லாண்டுகள் பதிவு செய்த ஒளிப்படக் கலைஞர் பரத் பூஷணின் (மறைவு 2022) பணி தெளிவாகப் புலப்படும். அரசவையிலிருந்து ஊரை நோக்கிய பார்வை ஊரிலிருந்தே எழும் பார்வையாக மாறியமைக்கு அவர் ஓர் எடுத்துக்காட்டு. எனினும், கலைஞர் ஊரைச் சேர்ந்தவராக இருப்பது மட்டுமே போதுமா? படம் கூடத்திற்கு வந்து சேரும்போது என்ன நிகழ்கின்றது என்பதையும் காண வேண்டும்.

ஊரிலிருந்து கூடத்திற்கு

ஐதராபாத்திலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சித்திப்பேட்டை இவ்வகையில் முதன்மையானது. அவ்வூரில் பிறந்து, அங்கேயே வாழ்ந்து, ஓவிய ஆசிரியராகப் பணியாற்றிய காப்பு ராஜய்யா (1925–2012), போனாலு, பதுக்கம்மா முதலிய விழாக்களையும் உழைக்கும் மகளிரையும் வரைந்தவர். தலைநகருக்குக் குடிபெயராமல் தம் ஊரிலேயே லலித கலா சமிதி என்னும் அமைப்பை நிறுவினார். சிற்றூரில் ஒரு கலை அமைப்பு இயங்குவதன் பொருள், அவ்வூர் மக்களே தம் உருவங்களின் முதற்பார்வையாளர் ஆகின்றனர் என்பதாம். தன் தெருவையும் தன் விழாவையும் சுவரில் காணும் பார்வையாளருக்கு அட்டை தேவையில்லை. இது யார், எந்த இடம், எந்த விழா என்பதை அவரே சொல்லிவிடுவார்.

இன்று சித்திப்பேட்டை மாவட்டத்தில் அடங்கும் சேரியாலின் நகாசிச் சுருளோவியங்களும் இவ்வாறே இயங்கின. கஞ்சியும் வெண்களிமண்ணும் புளியங்கொட்டைப் பசையும் பூசிப் பதப்படுத்திய துணியில், சிவந்த பின்னணியில், கட்டம் கட்டமாகக் கதை எழுதப்படும். கதை சொல்வோர் அதனைப் பிரித்துக் காட்டியபடி ஒவ்வொரு சமூகத்திற்கும் உரிய தோற்றப் புராணத்தைப் பாடுவர். பத்மசாலியருக்கு மார்க்கண்டேய புராணத்தைப் பாடும் கூனப்புலிகளும், மாதிகருக்கு ஜாம்பவ புராணத்தைப் பாடும் டக்கலிகளும் அத்தகையோர். இங்குப் படத்திற்கு விளக்கம் அட்டையில் இல்லை. பாடுவோரின் வாயில் இருந்தது. இச்சுருள் 2007இல் புவிசார் குறியீடு பெற்றது. இன்று அதன் ஒரு கட்டம் சட்டமிடப்பட்டுக் கூடத்தில் தொங்கும்போது, பாடுவோரும் இல்லை. பாட்டைக் கேட்ட சமூகமும் இல்லை. எஞ்சுவது ‘சேரியால் ஓவியம்’ என்னும் அட்டை மட்டுமே.

நம் தொகை நூல்கள் இதே நிலையை ஈராயிரம் ஆண்டுத் தொடர்ச்சியில் ஒருமுறை எதிர்கொண்டன. புறப்பாடல் மன்னன் முன்னிலையில் பாடப்பட்டபோது, யாரைப் பாடியது என்பதை எவரும் கேட்கத் தேவை இருந்திராது. பாடல்கள் அச்சூழலிலிருந்து பிரிந்து தொகையாகத் திரண்டபோது திணை, துறை, பாடினோர், பாடப்பட்டோர் ஆகியவற்றைக் கூறும் பழங்குறிப்புகள் இன்றியமையாதன ஆயின. புறநானூற்று 112ஆம் பாடல் இதற்குச் சிறந்த சான்று. தந்தையையும் குன்றையும் இழந்த துயரைக் கூறும் அப்பாடலுள் பாரியின் பெயர் இல்லை. பறம்பின் பெயரும் இல்லை. பாரிமகளிர் பாடியது என்னும் குறிப்பு இல்லையேல், அது எவரோ எங்கோ எதையோ இழந்த துயரமாகப் பொதுமைப்பட்டிருக்கும். அக்குறிப்பே அதனை வரலாறாக்குகின்றது. அக்குறிப்பும் அப்பெண்களைத் தந்தையின் பெயரால் மட்டுமே சுட்டுகின்றது என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. யாருடைய பெயர் நிற்கும், யாருடையது நீங்கும் என்னும் வேறுபாடு நம் மரபிலும் உண்டு.

ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார் என்பதையும், தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்பதையும் நாம் அறிகிறோம். தொகுத்தவர் பெயரும் நூலோடு நிற்பது பொறுப்பேற்றலின் அடையாளம். காட்சியமைப்பாளர் என்று இன்று நாம் அழைப்பவர் இத்தொகுத்தவரின் இடத்தில் இருப்பவரே. ஊரில் பார்வையாளரின் நினைவு செய்த பணியை, நகரக் கூடத்தில் அவர் எழுதும் அட்டை செய்தாக வேண்டும்.

மறுப்பும் விடையும்

பெயர் சுட்டுவதால் தீங்கு நேரலாம் என்பது வலுவான மறுப்பு. வறுமையிலோ நோயிலோ உள்ளவரைப் பெயரோடு காட்டுவது அவரை இழிவுக்கு உள்ளாக்கும். இதனை ஏற்கவே வேண்டும். ஆயின், இம்மறுப்பு பெயரை மறைக்கும் உரிமை யாருடையது என்பதைத் தெளிவுபடுத்தவில்லை. படத்தில் இருப்பவர் தம் பெயரை மறைக்கக் கேட்டு மறைப்பது வேறு. எவரும் கேட்காமையால் பெயர் இல்லாது போவது வேறு. முன்னது காப்பு, பின்னது புறக்கணிப்பு. பெயரைச் சுட்ட இயலாத இடத்தும் ஊர், ஆண்டு, செய்துகொண்டிருந்த தொழில் ஆகியவற்றைச் சுட்டுவதற்குத் தடை இல்லை.

அழகியல் நுகர்ச்சிக்கு இத்தகைய செய்திகள் இடையூறு என்பது மற்றொரு மறுப்பு. பாரிமகளிர் என்னும் குறிப்பை அறிந்தபின் 112ஆம் பாடலின் நிலவு ஒளி குன்றியதாக எவரும் கூறியதில்லை. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கண்டெடுக்கப்பட்ட தமிழ் பிராமி எழுத்துடைய நடுகற்கள் அளவில் சிறியவை. வேலைப்பாடு மிக்கவையும் அல்ல. ஆநிரைப் பூசலில் வீழ்ந்த ஒருவனின் பெயரும் ஊரும் அக்கற்களுள் ஒன்றில் நிற்பதனாலேயே இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அதன் முன் நாம் நிற்கிறோம்.

முடிவுரை

வட்டார ஓவியமும் வட்டார ஒளிப்படமும் ஒரே நிலத்தைப் பொருளாகக் கொள்ளினும், மனிதரைச் சுட்டும் முறையில் வேறுபட்டவை. ஓவியத்தின் பெயரின்மை அகநெறிப்பட்டது. அதனிடம் நாம் கேட்க வேண்டியது கூற்றை. ஒளிப்படம் புறநெறிப்பட்டது, அதனிடம் கேட்க வேண்டியது பெயரை. இரண்டையும் ஒரே அட்டையால் விளக்கும் காட்சிமுறை இவ்வேறுபாட்டை அழித்து, ஓவியத்தில் கருப்பொருளையும் ஒளிப்படத்தில் மாதிரியையும் மட்டுமே எஞ்சச் செய்கின்றது. 2014இல் தெலங்கானா தனி மாநிலமானபின் வட்டார உருவங்கள் அரசின் அடையாளங்களாகவும் உயர்ந்துள்ள சூழலில், இவ்வினா மேலும் இன்றியமையாததாகின்றது. ஒரு நிலம் பெயர் பெற்றபின்னும் அந்நிலத்து மக்கள் படங்களில் பெயரற்று நிற்பது பொருத்தமன்று.

இதற்குப் புதிய கோட்பாடு எதுவும் தேவையில்லை. புறநானூற்றுப் பழங்குறிப்பே ஒளிப்பட அட்டைக்கு முன்மாதிரியாக அமையும். திணைக்கு ஈடாக நிலமும் ஊரும், துறைக்கு ஈடாக நிகழ்வும் தொழிலும், பாடினோர்க்கு ஈடாகப் படமெடுத்தவர் பெயரும், பாடப்பட்டோர்க்கு ஈடாகப் படத்தில் உள்ளவர் பெயரும், இறுதியில் தொகுத்தவர் பெயரும் என ஐந்து செய்திகள் போதும். பாடப்பட்டோர் பெயர் கிடைக்கவில்லையாயின், கிடைக்கவில்லை என்றே எழுதலாம். புறநானூற்றிலும் அவ்வாறு பெயர் அறியப்படாத பாடல்கள் உள்ளன. இழப்பை இழப்பாகவே காட்டும் அந்த வெற்றிடம், ‘கிராமத்துப் பெண்’ என்னும் தலைப்பைவிட நேர்மையானது.